பால்கனி கம்போஸ்ட் வாளியில் நாற்றம், புழு: எங்கே தப்பு?

வேளச்சேரி_மூணாவது_மாடி கேட்டது:

வணக்கம். வீட்டில் நாலு பேர். பால்கனி நாலுக்கு ஆறடி, காலை வெயில் மட்டும் வரும். சமையலறைக் கழிவை ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்ததில் நாளைக்கு 900 கிராமிலிருந்து 1.1 கிலோ வரை வருகிறது.

இப்போதைய அமைப்பு: 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று, இறுக்கமான மூடி, அடியில் நாலு துளை. 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டியை உறையில் போட்டிருந்தபடி 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, தினமும் கழிவின் மேல் இரண்டு கை போடுகிறோம். மீந்த சோறு, குழம்பும் உள்ளே போகிறது. இன்றைக்கு 12ஆம் நாள். அழுகிய முட்டை வாடை, அடியில் கறுப்புத் தண்ணீர், மூடியைத் திறந்தால் புழு வாளிச் சுவரில் ஏறி நிற்கிறது. கடையில் விற்கும் கம்போஸ்ட் கல்ச்சர் தூள் (மக்கவைக்கும் நுண்ணுயிர் கலந்தது) இரண்டு தடவை தூவியும் ஒன்றும் ஆகவில்லை.

இந்த வாளியைத் தேற்ற முடியுமா, கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதா? இன்னொன்று: பால் கவர், சிப்ஸ் கவர், மாத்திரை அட்டை இதெல்லாம் காயலான் கடையில் எடுப்பார்களா? மூன்றாவது, குப்பையை வாங்கும்போதே குறைக்க ஏதாவது உருப்படியான வழி உண்டா?

---

குப்பைமேனி பதில்:

கொட்ட வேண்டாம், தேறும். தப்பு கல்ச்சர் தூளில் இல்லை, அந்த 25 லிட்டர் தண்ணீரில் இருக்கிறது.

உறையில் எழுதியிருக்கும் அளவு செடி நடுகிறவர்களுக்கானது. 5 கிலோ கட்டி, 25 லிட்டர் தண்ணீர் என்றால் ஊறி வருவதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர்தான். காய்கறித் தோலில் ஈரம் சுமார் 80 சதவீதம். ஆக, ஈரத்தை உறிஞ்ச என்று போடுகிற பொருள் கழிவைவிட ஈரமாக இருக்கிறது. ஈரம் அதிகமானால் துகள்களுக்கு இடையில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். காற்று இல்லாத இடத்தில் வேலை செய்கிற நுண்ணுயிர் வேறு வகை. அது விடுகிற ஹைட்ரஜன் சல்பைடுதான் உங்கள் அழுகிய முட்டை வாடை.

கணக்கு இப்படி. 1 கிலோ கழிவில் 800 கிராம் தண்ணீர். மொத்தக் கலவையை 65 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர, காய்ந்த நார்த்தூள் கிட்டத்தட்ட 300 கிராம் வேண்டும். மீதி ஈரம் சூட்டிலும் காற்றிலும் தானே போய் 55, 60க்கு வந்து நிற்கும். தராசு எல்லாம் தினமும் எடுக்க வேண்டாம். உதிர்த்த காய்ந்த கோகோபீட் என்றால் கழிவு ஒரு கிண்ணம், தூள் ஒரு கிண்ணம், மேலே மூட இன்னும் அரைக் கிண்ணம். காய்ந்த இலைச்சருகு என்றால் இரண்டு கிண்ணம், ஏனென்றால் சருகு லேசு. "இரண்டு கை" எந்தக் கணக்கிலும் போதாது.

கட்டியை எப்படிக் காயவிட்டு உதிர்ப்பது என்று கேட்பீர்கள். தண்ணீரே இல்லாமல் கட்டியை உடைப்பது கஷ்டம், சுத்தியல் வேண்டும். ஒரு கட்டிக்கு 4, 5 லிட்டர் மட்டும் தெளித்துச் சாக்கு மேல் பரப்பினால் இளகிவிடும். இரண்டு வெயில் காட்டினால் பொடியாகும். அதை மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். உதிரியாகவே கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஆனால் "கழுவியது" என்று கேட்டு வாங்குங்கள். கழுவாத நார்த்தூளில் உப்பு இருக்கும், பின்னால் தொட்டிச் செடியின் இலை ஓரம் கருகும்.

வாளியை இன்றே சரி செய்கிற விதம்: எல்லாவற்றையும் பழைய சாக்கில் கொட்டுங்கள். மொட்டை மாடி இருந்தால் அங்கே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு. முட்டை அட்டையைக் கையளவாகக் கிழித்துப் போடுங்கள். அவசரத்துக்கு அது நன்றாக உறிஞ்சும், இடையில் காற்றும் விடும். கழிவு எவ்வளவோ அந்த அளவுக்குக் கிழித்த அட்டையும் சருகும் சேர்த்துப் புரட்டி, இரண்டு மணி நேரம் பரப்பி வைத்தால் வாடையில் பாதி அங்கேயே போய்விடும்.

அந்த நேரத்தில் வாளியில் துளை போடுங்கள். பக்கவாட்டில் 6 முதல் 8 மி.மீ. துளை, நாலு விரல் இடைவெளியில் நாலு வரிசை. அடியில் இப்போதுள்ள நாலோடு இன்னும் நாலு. டிரில் வைத்துப் போடுங்கள், கம்பியைக் காய்ச்சிக் குத்தினால் பிளாஸ்டிக் புகை வரும், துளையும் உருகிச் சின்னதாகும். உள்பக்கம் கொசுவலையைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். இறுக்கமான மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய பருத்தித் துணியைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். அடியில் மூன்று அங்குலத்துக்குத் தேங்காய் நார், சுள்ளி, உடைத்த சிரட்டை. அதற்கு மேல்தான் கழிவு தொடங்க வேண்டும். வாளியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு தட்டு.

பிறகு நாலு நாள் புதிதாக எதுவும் போடாமல் தினம் ஒரு முறை அடிவரை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து நன்றாகப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. தாரையாக ஒழுகினால் இன்னும் சருகு. கையை விரித்ததும் உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம். எல்லாத் தொந்தரவுக்கும் இந்த ஒரு பரிசோதனை போதும். வாடை போன பிறகும் மூக்கைச் சுண்டுகிற மூத்திர நெடி வந்தால் அது வேறு வியாதி: பச்சைக் கழிவு மிஞ்சி, நைட்ரஜன் அம்மோனியாவாகப் போகிறது. அதற்கும் மருந்து சருகுதான்.

அந்தக் கறுப்புத் தண்ணீரை "கம்போஸ்ட் டீ" என்று செடிக்கு ஊற்றாதீர்கள். நாற்றமடிக்கிற தண்ணீர் கழிப்பறையில் கொட்ட வேண்டியது. இனிமேல் வாடையில்லாமல் கொஞ்சம் கசிந்தால், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பூச்செடிக்கு விடலாம். கீரைக்கு வேண்டாம்.

ஒரு வாளி போதாது. நாளைக்கு ஒரு கிலோ என்றால் சருகோடு சேர்த்து 20 லிட்டர் வாளி 8, 10 நாளில் நிறையும். நாலு வாளி வைத்துச் சுற்றில் விட்டால், நாலாவது நிறையும்போது முதலாவதுக்கு ஒரு மாத ஓய்வு கிடைத்திருக்கும். இரண்டுக்கு இரண்டடி இடம் போதும்.

---

சல்லடை பதில்:

குப்பைமேனி சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. புழுவைப் பற்றிக் கொஞ்சம்.

சுவரில் ஏறுவது தட்டையாக, வரிவரியாக, வெளுத்த பழுப்பில் ஆரம்பித்துக் கறுத்துக்கொண்டே போகிறதா? அது கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. கூட்டுப்புழு ஆகும் பருவத்தில் ஈரத்தை விட்டுக் காய்ந்த இடம் தேடும், அதனால்தான் ஏற்றம். கழிவைத் தின்று தீர்ப்பதில் அதற்கு நிகர் இல்லை. அதன் ஈ சாப்பாட்டில் வந்து உட்காராது. பார்க்க அருவருப்பு, அவ்வளவுதான். வெள்ளையாக, வழவழவென்று, ஒரு முனை கூராக இருந்தால் அது வீட்டு ஈயின் புழு. கழிவு மூடாமல் திறந்து கிடந்தது என்று அர்த்தம். இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு அங்குலம் காய்ந்த தூள், ஒரு தோல்கூடக் கண்ணில் படக் கூடாது. வாரம் ஒரு பிடி வேப்பம்புண்ணாக்குத் தூளும் போடலாம். ஃபினாயில், கொதிநீர், பூச்சி ஸ்பிரே எதுவும் கூடாது. புழுவோடு சேர்த்து, மக்கவைக்கிற நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுவீர்கள்.

குழம்பு, சாம்பார், ஊறுகாய் போடுவதை நிறுத்துங்கள். எண்ணெய் துகளைச் சுற்றிப் படர்ந்து காற்றை அடைக்கும், உப்பு உரத்தில் தங்கும். சோறு கொஞ்சமாக மீந்தால் அலசி, வடிகட்டி, உதிர்த்துப் போடலாம். கட்டியாகப் போட்டால் உள்ளே புளித்துப் பிசினாகிவிடும். இறைச்சி, எலும்பு, மீன் செதில் பால்கனி வாளிக்கு ஆகாது, எலியும் பூனையும் வரும். டீத்தூளைச் சர்க்கரை போக அலசுங்கள், இல்லையென்றால் எறும்பு. முட்டை ஓடு நொறுக்கிப் போட்டால் மட்டுமே கரையும். மாங்கொட்டை, சிரட்டை, முருங்கைக்காய்ச் சக்கை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாழை இலையை இரண்டு அங்குலத் துண்டாக வெட்டாமல் போட்டால் அடுக்கடுக்காகப் படிந்து தண்ணீரைத் தேக்கும். பூச்சரத்தில் வாழைநார் என்றால் அப்படியே, நூல் என்றால் உருவிவிட்டு. அந்த நூல் பெரும்பாலும் பாலியஸ்டர், சலிக்கும்போது கடைசிவரை உயிரை வாங்கும்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். ஒரு பிடியை ஜிப் கவரில் அடைத்து மூன்று நாள் வைத்துத் திறந்தால் புளிப்போ நாற்றமோ வரக் கூடாது. வந்தால் இன்னும் இரண்டு வாரம். பிறகு 5 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே நிற்கிற கப்பியை அடுத்த வாளிக்கு விதையாகப் போடுங்கள். அதுதான் இலவசக் கல்ச்சர், தூள் பாக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். முதல் வாளிக்கு ஒரு டம்ளர் புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் போதும். ஒரு தடவைதான், தினமும் இல்லை. தொட்டியில் மண் மூன்று பங்குக்கு உரம் ஒரு பங்கு. இந்த அளவு வாளியில் விதையைக் கொல்லும் சூடு ஏறாது, அதனால் தக்காளியும் பூசணியும் தானாக முளைக்கும். பிடுங்கிப் போடுங்கள் அல்லது வளர்த்துப் பாருங்கள்.

---

எடைக்கல் பதில்:

உலர் குப்பைப் பக்கம் நான் சொல்றேன்.

காயலான் கடைக்காரர் பார்ப்பது மூணு விஷயம்: ஒரே ரகமா, காய்ஞ்சிருக்கா, எடை தேறுமா. பால் கவர் லேசான பாலிஎத்திலீன், நல்ல சரக்கு. நாலஞ்சு கவரைக் கொண்டுபோனா வேண்டாம்பார். ஒரு கிலோ சேர்த்துக் கொண்டுபோங்க. மூலையை முழுசா வெட்டி எறியாதீங்க, பாதி வெட்டி ஒட்டிக்கிட்டே விடுங்க. அந்தக் குட்டி முக்கோணத்தை யாராலும் பொறுக்க முடியாது, நேரா சாக்கடைக்குத்தான் போகும். காலியானதும் கொஞ்சம் தண்ணி விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டு, கவரைக் கிளிப்பில் மாட்டிக் காயவிடுங்க. ஈரத்தோட சேர்த்தா மறுநாளே புளிச்சு நாறும்.

சிப்ஸ், பிஸ்கட், மசாலா கவர் வேற ஜாதி. ரெண்டு மூணு படலத்தை ஒட்டி, உள்ளே அலுமினியப் பூச்சு. பிரிச்செடுக்க முடியாததால் கடையில் விலை இல்லை. எதுன்னு சந்தேகமா? கசக்கிக் கையை விடுங்க. சுருண்டபடியே இருந்தா அலுமினியத் தாள், மெல்ல விரிஞ்சா படலக் கவர். இதை மாநகராட்சி உலர் குப்பையில் தனியாக் கட்டிக் கொடுங்க. சிமென்ட் ஆலைகளில் நிலக்கரியோட எரிக்க இந்த மாதிரிச் சரக்கைத்தான் எடுக்கறாங்க, ஈரமும் சோறும் ஒட்டாம இருந்தா மட்டும். மாத்திரை அட்டையில் ஒரு பக்கம் பிவிசி, ஒரு பக்கம் அலுமினியம், அதுக்கும் கடையில் விலை இல்லை, உலர் குப்பையில்தான் கொடுக்கணும்.

காகிதத்தில் ஏமாறுற இடங்கள்: கடை பில் வழவழன்னு இருந்தா அது வெப்பக் காகிதம், ரசாயனம் பூசினது, பழைய பேப்பரோட சேர்க்காதீங்க, கம்போஸ்டிலும் போடாதீங்க. பேப்பர் கப்புக்குள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கு. துணி மாதிரி இருக்கிற பை, உற்றுப் பார்த்தா நெசவு இருக்காது, புள்ளிப்புள்ளியா அழுத்தின தடம் இருக்கும். அது பாலிபுரொப்பிலீன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செஞ்ச 14 பொருளில் அந்தப் பையும் உண்டு, பூச்சுள்ள பேப்பர் கப்பும் உண்டு. இன்னைக்கும் கடையில் சிரிச்சுக்கிட்டே கொடுக்கறாங்க, அது தனிக் கதை.

டப்பா அடியில் முக்கோணத்துக்குள்ளே பிளாஸ்டிக் ரகத்தைச் சொல்ற எண் இருக்கும். 1, 2, 5 எங்கேயும் போகும். 3, 6, 7 எடுப்பார் குறைவு. எண் அழிஞ்சிருந்தா ஒரு துண்டை வெட்டித் தண்ணியில் முக்கிப் பாருங்க. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், தண்ணி பாட்டில் பிளாஸ்டிக்கும் பிவிசியும் மூழ்கும்.

உடைஞ்ச கண்ணாடியை அட்டையில் சுத்தி "கண்ணாடி"ன்னு பெருசா எழுதிக் கொடுங்க. நாப்கின், டயப்பர் தனியாப் பேப்பரில் சுத்தி, மேலே சிவப்பு மார்க்கரில் ஒரு பொட்டு. பிரிக்கிறவங்க வெறும் கையில் பிரிக்கறாங்க. பழைய பேட்டரி, சிஎஃப்எல் பல்பு எதோடும் கலக்கக் கூடாது. சிஎஃப்எல்லில் பாதரசம் இருக்கு, உடைஞ்சா ஜன்னலைத் திறந்து வெச்சு, அட்டையால் வழிச்செடுங்க, விளக்குமாறு வேண்டாம். சென்னையின் குப்பைமேடுகளான கொடுங்கையூர், பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிச் சலிச்சுப் பிரிக்க வேண்டி வந்ததே, எல்லாம் ஒண்ணாக் கலந்து கொட்டினதுக்கான வேலைதான் அது.

---

தூக்குச்சட்டி பதில்:

வாங்கும்போது குறைப்பதைக் கேட்டீர்கள். எடை போட்டது நல்ல வேலை. அதையே இன்னொரு வாரம் இப்படிப் பிரித்துப் போடுங்கள்: தோல், காம்பு மாதிரித் தவிர்க்க முடியாதது ஒரு பக்கம், அழுகியதால் எறிந்தது ஒரு பக்கம், சமைத்து மீந்தது ஒரு பக்கம். இரண்டாவது கனமாக இருந்தால் சந்தைக்குப் போகும் முறையில் தப்பு, மூன்றாவது என்றால் அரிசி உழக்கில் தப்பு. இது தெரியாமல் மூங்கில் பிரஷ் வாங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை.

கீரையும் கொத்தமல்லியும் வாரத்துக்கு ஒரே தடவை வாங்கினால் பாதி வாளிக்குத்தான் போகும். இரண்டு தடவையாக வாங்குங்கள். கொத்தமல்லியைக் கழுவாமல், வேரை நறுக்கி, துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் நிற்கும். பீர்க்கங்காய்த் தோல் துவையல், வாழைக்காய்த் தோல் பொரியல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டு, முளைக்கீரைத் தண்டு சாம்பார். இதையெல்லாம் ஜீரோ வேஸ்ட் என்று யாரும் பெயர் வைக்காமலே நம் வீடுகளில் செய்துவந்ததுதான்.

மாவுக்குத் தூக்கு கொண்டுபோங்கள். தராசில் காலித் தூக்கை வைத்து முதலில் பூஜ்ஜியம் ஆக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாத்திர எடைக்கும் காசு. பருப்பு, மிளகாய், புளிக்கு ஒரே அளவில் ஐந்தாறு துணிப்பை தைத்து, ஒவ்வொன்றிலும் அதன் எடையை மையால் எழுதிவிடுங்கள். செக்கு எண்ணெய்க்கு எவர்சில்வர் கேன், முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஷாம்பு சாஷே நிறுத்தினாலே பிரிக்க முடியாத கவர் குறையும்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் நிறைய வந்தால் பயோ என்ஸைம் (தோலைப் புளிக்கவைத்து எடுக்கும் துப்புரவுத் திரவம்) போடலாம். வெல்லம் 100 கிராம், தோல் 300 கிராம், தண்ணீர் 1 லிட்டர், மூன்று மாதம். தரை துடைக்க நல்லது.

---

சல்லடை பதில்:

தூக்குச்சட்டி, அளவு சரி, எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் மட்டும் போடுங்கள், கால் பங்கு காலியாக விடுங்கள், முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை விடுங்கள். கண்ணாடி பாட்டில் வெடிக்கும். வருவது அமிலம், மார்பிள் தரையில் ஊற்றினால் பளபளப்பு போகும். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

---

வேளச்சேரி_மூணாவது_மாடி:

எல்லாருக்கும் நன்றி. புழு தட்டையாக, வரிவரியாகத்தான் இருக்கிறது. கொட்டி முட்டை அட்டை சேர்த்தாயிற்று. இரண்டு சந்தேகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சருகுக்கு எங்கே போவது? பால்கனிக்குள் சாரல் அடிக்கும். சருகில் எந்த மரம் ஆகாது?

---

குப்பைமேனி பதில்:

சருகு மாசி, பங்குனியில் சேர்க்க வேண்டியது. வேம்பும் வாதாமும் அப்போதுதான் கொட்டும், தெருவில் கூட்டுகிறவர்களிடம் கேட்டால் மூட்டையாகவே தருவார்கள். நன்றாக வெயில் காட்டி, கோணியில் போட்டு மிதித்து அடைத்தால் இடம் பிடிக்காது. வேம்பு, இயல்வாகை, தூங்குமூஞ்சி மாதிரிப் பொடி இலைகள் முதல் தரம். வாதாம் இலையை நொறுக்கித்தான் போட வேண்டும். மாவிலை மெழுகு பூசினது, மெதுவாக மக்கும், வேறு இல்லாவிட்டால் கிழித்துப் போடலாம். தைல மர இலை வேண்டாம். மரத்தூள் என்றால் பிளைவுட் கடைத் தூளைத் தொடாதீர்கள், பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும்.

இந்த வருஷத்துக்குச் சருகு இல்லையென்றால் முட்டை அட்டை, பார்சல் அட்டை, கறுப்பு வெள்ளை நாளிதழ். அட்டையில் டேப்பை உரித்துவிடுங்கள். சாரலுக்கு வாளிகளைச் சுவரோரம் தள்ளி, கட்டிய துணிக்கு மேல் ஒரு பழைய தட்டைச் சாய்வாக வையுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டால் இழுத்துப் போர்த்த வேண்டாம், பக்கத் துளை அடைபட்டால் மறுபடி முட்டை வாடைதான். மழை நாளில் தூளின் அளவை ஒன்றரை மடங்கு ஆக்குங்கள், காற்றே ஈரமாக இருப்பதால் வாளி உலராது. ஏறி வருகிற புழுவை அள்ளி ஒரு கிண்ணத்தில் போட்டு மாடிச் சுவரில் வைத்துவிடுங்கள், மைனா பார்த்துக்கொள்ளும்.